பின்கதவு

இல்லைங்க, அவள் யாரோடும் சண்டை போடவில்லை. போன் பேசினால் அப்படித்தான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பாள். அப்போது தோளில் இருப்பவர் என் பேரன். வயது நாலு மாதம். தூக்கி வைத்திருப்பவர் நின்றால் துரைக்குப் பிடிக்காது, ஊரைக் கூட்டிவிடுவார். குரல் அப்படியே என் குரல் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

என் மருமகள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். இப்போது கையில் இருப்பது ஓர் ஓவிய, சிற்பக் காட்சிக்கூடம். அட்டையில் அவள் செய்த அதன் சின்ன மாதிரி வடிவம் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டதால், ஒரு மாதமாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். அவளுக்கு அதுவும் கிடையாது, நின்றபடி நாலு வாய். பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு வீடெல்லாம் தேடுவாள். "தலையிலதாம்மா இருக்கு" என்றால், "அது போன வாரத்துப் பென்சில், மாமா" என்பாள்.

காட்சிக்கூடம் வரப்போகும் இடம் பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவில். மூன்று நாள் வெயிலில் நின்று, யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று எண்ணிவிட்டு வந்தாள். வந்ததும் முன்வாசலுக்கு நேரே ஒரு பின்கதவு வரைந்தாள்.

"மீன் பையோட போறவங்க குறுக்கால போகட்டும், மாமா. ஒரு நாள் ஏதாவது ஒரு சிலை கண்ணுல படும், நிப்பாங்க. அடுத்த வாரம் பையை வீட்டுல வெச்சிட்டு வருவாங்க."

கட்டடக் குழுத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "கலைக்கூடம்னா அமைதி வேணும்மா. இது என்ன சந்தையா? வெள்ளிக்கிழமைக்குள்ள பின்கதவை அடைச்சுக் கொண்டு வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

மூன்று வருட உழைப்பு. மாதிரியில் பின்கதவு இருந்த இடத்தில் ஒரு துண்டு அட்டையைப் பசை தடவி ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீயைப் பாதியில் வைப்பாள், நகத்தைக் கடிப்பாள், மேசையைச் சுற்றுவாள்.

"ஒரு கதவுதானே, விடேன்" என்றான் என் மகன்.

"போன மாசம் இவனைத் தூக்கிட்டு ஒரு கலைக்கூடத்துக்குப் போனேனே, மறந்துட்டியா? கடைசி அறையில அழுதான். வெளிய வர பதினோரு அறையைத் தாண்டினேன். எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க, சுவத்துல இருந்த படத்தை ஒருத்தரும் பாக்கல."

மகன் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

இன்று வெள்ளி. காலையில் குளித்துக் கிளம்பி, மாதிரியைத் தூக்கப் போனவள் நின்றாள். பிளேடை எடுத்து ஒட்டிய துண்டைக் கீறி எடுத்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. சுவரும் கொஞ்சம் பிய்ந்து, எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது.

"வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டா?" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பதினோரு மணிக்கு இவனைத் தூக்கிட்டு குழுக் கூட்டத்துக்கு வந்துடுங்க, மாமா. அழ ஆரம்பிச்சதும் தலைவர் கையிலயே கொடுத்துடறேன். எந்தப் பக்கமா வெளிய ஓடறார்னு பாக்கலாம்."