கீறல் விழாத துவக்கு

ஒஸ்லோவில் படித்துக்கொண்டே நான் பகுதிநேரம் வேலை செய்த வேட்டைக் கடைக்கு, லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒரு தமிழர் வந்தார். புத்தம் புதிய பச்சை வேட்டைக் காற்சட்டையைக் கத்தி மடிப்பாக அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். எந்தத் துவக்கைத் தோளில் வைத்தாலும் குறி பார்க்கமாட்டார். கண்ணாடி அலுமாரியில் தன்னைத்தான் பார்ப்பார்.

“தாரா வேட்டைக்குத் தம்பி. பரீட்சை பாஸ், பொலிஸ் அனுமதியும் எடுத்திட்டன். எங்கடை வேலையிடத்து முதலாளி இந்தமுறைதான் என்னையும் கூப்பிட்டவர். தன்னோடை வேட்டைக்கு வாறவையைத்தான் அவர் போர்மன் ஆக்கிறவர்.”

வீட்டில் முதலாவதாகப் படித்தவன் என்ற பொறுப்போடு, விளக்கப் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் ஒப்புவித்தேன். செமி ஓட்டோமற்றிக் என்றால் தோளில் உதைப்புக் குறைவு, அடுத்த தோட்டா தானாக ஏறும் என்றேன்.

“அது கிடக்கட்டும். முதலாளியின்ரை துவக்கு தகப்பன் காலத்து இரட்டைக்குழல். நான் புதுசோடை போய் நிண்டா பகட்டு எண்டு சிரிப்பாங்கள். பழசு இருக்கோ?”

“இருக்கு அண்ணை. ஆனா தாரா மாதிரி நீர்ப்பறவைக்கு ஈயக்குண்டு தடை. உருக்குக்குண்டைப் பழைய குழல் தாங்குமோ தெரியாது.”

கடைசியில், இருந்ததிலேயே விலை கூடிய செமி ஓட்டோமற்றிக்கை எடுத்தார். பிறகு தன் வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார்.

“பிடியிலை ரெண்டு கீறு போட்டுவிடும் தம்பி. எனக்கு மனம் வருகுதில்லை.”

எனக்கும் வரவில்லை. அவர் துவக்கைத் துடைத்து உறையில் வைத்துக்கொண்டு போனார்.

கீறியிருந்தாலும் அந்தக் காற்சட்டை மடிப்பு அவரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு முன்னால் ஏரிக்கரைக்குப் போயிருக்கும். அதையாவது சொல்லியிருக்கலாமோ என்று, தாராக்களைக் காணும்போதெல்லாம் யோசிக்கிறேன்.