வெள்ளாற்றுப் பாலத்து வரவேற்பு

திருமேனியை எங்கள் ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரே ஒரு தடவை ஜெயித்தார். அப்புறம் சட்டசபை வாசலை எட்டிப் பார்க்க வழியில்லாமலே தலை நரைத்துப்போனது. இருந்தாலும் அவர் எம்மெல்லேதான். கட்சிக்காரர்களுக்குப் பதவிதான் பேர். மாவட்டச் செயலாளர் நாச்சியப்பன் வந்தால் மாவட்டம் வந்துவிட்டது என்பார்கள். ஒன்றியச் செயலாளருக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றியம் படுத்துவிட்டது என்பார்கள். டீக்கடையில் மாவட்டத்துக்குச் சீனி கம்மி, ஒன்றியத்துக்கு ஸ்ட்ராங்கு, எம்மெல்லேவுக்கு எப்படிக் கொடுத்தாலும் சரி.

அவர் தொழில் மைக் செட். கடைவீதியில் 'திருமேனி சவுண்டு சர்வீஸ்' என்று போர்டு போட்டிருந்தார். இளவட்டமாக இருந்தபோது கட்சிக் கூட்டத்துக்கு ஸ்பீக்கர் குழாய் கட்டப் போய், பனைமரத்தின் உச்சியில் உட்கார்ந்தபடியே தலைவர் பேச்சை முதன்முதலாகக் கேட்டார். இறங்கி வந்தபோது கட்சிக்காரராக இருந்தார். அதற்குப் பிறகு கட்சிக்குக் குழாய் கட்டினால் வாடகை வாங்குவதில்லை என்று ஒரு கொள்கை வைத்துக்கொண்டார். கட்சியும் அந்தக் கொள்கையை மறக்கவில்லை.

கல்யாணமாகிப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குப் பேர் வைக்கவில்லை. தலைவர் வந்து வைக்க வேண்டும் என்றார் திருமேனி. தலைவர் மாசாமாசம் வருவதாக இருந்தார், வரவில்லை. பிள்ளை நடக்கத் தொடங்கி, படி தாண்டி, மைக் வயரை வாயில் வைத்துக் கடிக்கிற வரைக்கும் வெறும் பாப்பாதான். அம்மை ஊசி போடும் இடத்தில் நர்ஸ் பேர் கேட்டபோது அவர் மனைவி சிவபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் தலைவர் வரலீங்க" என்றாள். கடைசியில் ஒரு தேர்தல் பயணத்தில் தலைவர் வேனிலிருந்தபடியே கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி, மைக்கில் "வாகைச்செல்வி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு வழிநெடுக நீட்டப்பட்ட பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் அதே பேர்தான். பள்ளிக்கூடத்தில் பாப்பாவின் வகுப்பில் மட்டும் மூன்று வாகைச்செல்விகள் இருந்தார்கள். திருமேனிக்கு அதிலும் பெருமைதான்.

காற்று அடித்த ஒரு தேர்தலில் அவருக்கு சீட்டு கிடைத்தது. அந்தத் தேர்தலில் கட்சி சின்னத்தைக் கட்டையில் கட்டி நட்டிருந்தாலும் ஜெயித்திருக்கும் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையும் அதுதான். சட்டசபையில் அவர் பேச எழுந்த நேரமெல்லாம் பாதி தலைவரைப் புகழ்வதிலேயே போகும், மீதியில் மணி அடித்துவிடுவார்கள். எங்கள் தொகுதிக்குப் பெண்கள் கல்லூரி வேண்டும் என்று ஒருமுறை கேட்டார். அப்படி ஒரு கருத்துரு அரசிடம் இல்லை என்று பதில் வந்தது. பாப்பா படிப்பதற்கு விடிகாலையில் திருச்சி பஸ்தான் ஏறினாள். ஐந்து வருஷத்துக்கு அவர் பேரைச் சொல்ல வெள்ளாற்றுப் பாலத்தின் ஓரத்தில் ஒரு பஸ் நிழற்குடை கட்டினார். அடுத்த ஆட்சி வந்ததும் அதிலிருந்த பேரின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

பதவிக்காலத்தின் கடைசி வருஷத்தில்தான் அந்தச் சங்கதி நடந்தது. தலைவர் எங்கள் ஊர் வழியாக ராமநாதபுரம் போகிறார் என்று பாலத்தில் வரவேற்பு. எங்கள் பக்கத்தில் தலைவரை ஊர் எல்லையில் நின்று வரவேற்காதவன் கட்சியில் இருந்தும் இல்லாத கணக்கு. காலையிலிருந்து கால் கடுக்க நின்ற திருமேனியிடம் மாவட்டம் வந்து, தலைவர் வேறு ரோட்டில் போய்விட்டார், வெயிலில் காயாதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று அக்கறையாகச் சொன்னார். இவரும் நம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் தலைவர் வந்தார். மாவட்டம் சால்வை போட்டார். "எங்கய்யா உங்க எம்மெல்லே?" என்று தலைவர் கேட்டதற்கு, "வீட்ல தூங்குறாருங்க" என்று மாவட்டம் சொன்னாராம். அடுத்த தேர்தலில் தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குத் தள்ளிவிட்டார்கள். தூங்குறாருங்க என்ற அந்த ஒரு வார்த்தை திருமேனியின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அதன் பிறகு தலைவர் வருகிறார் என்றால் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புவார். தலைவர் வராத நாட்களிலும்கூட.

பாப்பாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. குமரேசன் என்று பள்ளிக்கூட வாத்தியார். திருச்சி பஸ்ஸில் ஏற்பட்ட பழக்கம். இரண்டு வீட்டிலும் யாரும் தடை சொல்லவில்லை. தடை சொன்னது தலைவரின் தேதி. தலைவர் தலைமையில்தான் கல்யாணம் என்று திருமேனி ஒற்றைக்காலில் நின்றார். தை போனது, வைகாசி போனது. மறு தையும் போனது. மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதம், சாமி கும்பிடுகிறவர். இருந்தும் ஐயர் வேண்டாம் என்றதற்குச் சரி என்றார், மேடையில் கட்சிக்கொடி என்றதற்கும் சரி என்றார். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறக்கிறது, அதற்குள் தாலி ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

ஒருவழியாகத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தேதி கொடுத்தார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை சீட்டு தனக்குத்தான் என்று திருமேனிக்குத் தலை கால் புரியவில்லை. பழைய குழாய்களையெல்லாம் தூசி தட்டி, மண்டபத்திலிருந்து பாலம் வரைக்கும் மரத்துக்கு மரம் தானே ஏறிக் கட்டினார். மண்டபத்தில் இடம் கிடைக்காத சனமும் ரோட்டில் நின்று தலைவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், குழாய் கட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் பாப்பா துண்டை நீட்டினாள்.

"அப்பா, நாளைக்கி நீங்க பாலத்துக்குப் போகவேணாம். ஒன்றியம் போயி நிக்கட்டும்."

"தலைவர் எறங்குறப்ப நான் இல்லேன்னா நல்லாருக்குமா பாப்பா?"

"அவரு வரலேன்னா?"

"வருவாரு."

"வரலேன்னா நீங்க தாலி எடுத்துக் குடுங்க. வேற யாரும் வேணாம் எனக்கு."

திருமேனி துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். பதினொன்றரைக்கு மேல் பாலத்தில் நிற்கமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார். அப்போது மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் பாலத்தில் பேண்டு வாத்தியமும் கொடியும் தொண்டர்களுமாக ஒரே அமளி. கட்சிக் கரை வேட்டி, தோளில் துண்டு, கையில் தலைவருக்கான பட்டுச் சால்வை என்று திருமேனி நிழற்குடைக்கு முன்னால் நின்றார். மாவட்டத்தை மட்டும் காணோம். கேட்டால், மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். தலைவர் வருகிற நேரத்தில் பாலத்தில் நிற்காத மாவட்டத்தை எங்கள் ஊர் கண்டதில்லை. அப்போதே திருமேனிக்குச் சுருக்கென்றது.

பதினோரு மணி வாக்கில் சிவபாக்கியத்தின் தம்பி சேதுராமன் டி.வி.எஸ். ஐம்பதில் அடித்துப் பிடித்து வந்தான்.

"அத்தான், தலைவர் வரலையாம். திருச்சியோட மெட்ராஸுக்குத் திரும்பிட்டாராம். ஒடம்பு சரியில்லையாம். வாங்க, போவோம்."

"யாரு சொன்னா?"

"மண்டபத்துக்குப் போன் வந்துச்சு."

"யாருடா எடுத்தா போன?"

"மாவட்டந்தான்."

திருமேனி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தொண்டர்களுக்கே என்னவோபோல் இருந்தது. மாவட்டம் தன் ஆயுளில் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அது. அதை அவர் எப்படி நம்புவார்? "ஒரு தடவ தூங்கப் போனேன், போதும்டா" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைத் தரையில் வைத்தார்கள். தொண்டர்கள் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுப் பந்தியை நினைத்துக்கொண்டு நழுவினார்கள். சேதுராமன் மறுபடியும் வந்தான். இந்த முறை வண்டியை அணைக்கவில்லை, இறங்கவுமில்லை.

"அத்தான், பாப்பா அனுப்புச்சு. மாப்ள வீட்ல எந்திரிச்சு நிக்கிறாங்க. நேத்து நீங்க என்னமோ சொன்னீங்களாமே, அத ஞாவகப்படுத்தச் சொன்னுச்சு."

திருமேனியின் கால் ஒரு எட்டு முன்னால் வந்தது. சத்தியமாக வந்தது, சேதுராமனே அதைப் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான். அந்த நேரம் பார்த்துத் தொலைவில் ரோட்டு வளைவில் புழுதி எழும்பியது. "இது போகட்டும், வந்துர்றேன்" என்றார். வந்தது வைக்கோல் லாரி. அதன் பின்னால் இன்னொரு புழுதி தெரிந்தது. சேதுராமன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் அவர் தலைக்கு மேல், பனைமரத்தில் அவரே ஏறிக் கட்டிய குழாய் கொரகொரத்தது. ஒன்றியத்தின் குரல்தான். "தலைவர் அவர்கள் சார்பாக, நமது மாவட்டச் செயலாளர் அவர்கள் இப்பொழுது தாலியை எடுத்துக் கொடுத்து மணமக்களை வாழ்த்துவார்கள்." கெட்டிமேளம் கொட்டியது. மண்டபத்திலிருந்து பாலம் வரைக்கும் மரத்துக்கு மரம் அந்தக் கெட்டிமேளம் கேட்டது. கட்டியது கைதேர்ந்தவர் அல்லவா, ஒரு சத்தம்கூடப் பிசகவில்லை. பாலத்தில் அப்போது அவரும் ஒரு சுண்டல்காரியும்தான் இருந்தார்கள். யாரு வீட்டுக் கல்யாணம் என்று அவள் கேட்டாள்.

அவர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவபாக்கியம் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். மாவட்டம் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நேரம் போய்விட்டது, மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பாக இருந்திருந்தால் திருமேனிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலில் கார் கிளம்பத் தயாராக நின்றது. பாப்பா இறங்கி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மாப்பிள்ளையும் கும்பிட்டான். நிமிர்ந்தவள் கேட்டாள்.

"குழாயில கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு பாப்பா."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

சீட்டு மாவட்டத்துக்குப் போனது. மாவட்டம் மண்ணைக் கவ்வினார். எங்கள் தொகுதிக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. திருமேனி சவுண்டு சர்வீஸ் போர்டின் பெயின்ட் உரிந்தது. பாப்பா தீபாவளிக்கு வந்தாள், பொங்கலுக்கு வந்தாள், அப்பா என்றுதான் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதற்கு மேல் பேச்சு நீளவில்லை. அவர்தான் பேச்சை நீட்டப் பார்ப்பார்; கட்சி விஷயத்தில் தொடங்கிவிடுவார், அவள் எழுந்துபோய்விடுவாள். வேறு எந்த விஷயத்தில் தொடங்குவதென்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. பார்க்கப் பாவமாக இருக்கும்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தகவல் வந்ததும் திருமேனி வெள்ளை வேட்டி, அதாவது கட்சிக் கரை இல்லாத வேட்டி, கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். அந்த வேட்டியைப் பார்த்து சிவபாக்கியத்துக்கே ஆச்சரியம். ஆஸ்பத்திரியில் குழந்தையை மடியில் வாங்கினார். முகத்தை மகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"பேரு..." என்று இழுத்தார்.

"வச்சாச்சுப்பா. மீனா. பொறந்த ஒடனேயே வச்சுட்டோம்."

"சின்னப் பேரு."

"கூப்பிடுறதுக்குத்தானப்பா பேரு. யாருக்காகவும் காத்துக்கெடக்க வேணாம்னுதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபம் தீர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. "நீங்க இருங்கப்பா. சாயங்காலம் தொட்டில்ல போடுறோம். நீங்கதான் போடணும்" என்றாள் பாப்பா. திருமேனி தலையை மட்டும் ஆட்டினார்.

பிள்ளைக்கு வெந்நீர் வாங்கிவர பிளாஸ்க்கோடு கீழே இறங்கினார். டீக்கடையில் கரை வேட்டிக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

"என்ன எம்மெல்லே, இங்க நிக்கிறீங்க? தலைவர் இப்ப பைபாஸ்ல போறாரு. எல்லாரும் அங்கதான் போறோம். வண்டியில எடம் இருக்கு."

திருமேனி மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். வெந்நீரை வாங்கி மூடியைத் திருகினார். கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் ஜீப்பைக் கிளப்பிவிட்டார்கள். "சீக்கிரம் ஏறுங்க, போயிருவாரு" என்றான் அவன்.

பைபாஸில் அவரை முன்வரிசையில் நிறுத்தினார்கள். வெறும் வேட்டியோடு வந்திருக்கிறாரே என்று யாரோ ஒரு கட்சித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார்கள். வெயில் இறங்கியது. தலைவர் வருவதாகச் சொன்னார்கள், அப்புறம் இல்லை என்றார்கள், மறுபடி வருவதாகச் சொன்னார்கள். விளக்கு போடுகிற நேரத்துக்கு ஆட்கள் கலைந்துபோனார்கள். வெந்நீர் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு திருமேனி நின்றார்.