அத்தா ஊற்றிய தண்ணீர்

குளிர்காலத்தில் டிராக்டரை ஓட்டுவது பெரிய வேலையில்லை, அதைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போய் இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரைச் செருகிவிட வேண்டும். டீசலும் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் மாதிரிதான், குளிர் ஏற ஏறத் திரண்டுவிடும். அதற்கான மருந்தை முன்கூட்டியே கலந்து வைக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் முதலில் ஒரு முனகல், பிறகு வெள்ளைப்புகை. கிளம்பிவிட்டது என்று உடனே வேலையைத் தொடங்கவும் முடியாது. எண்ணெய் இளகும்வரை, நாம் லீவரை இழுத்தாலும் வண்டியின் பின்னால் மாட்டியிருக்கும் தோண்டுகிற கை யோசித்து யோசித்துத்தான் நகரும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் டிராக்டர் உழுவதற்கானது இல்லை. நியூஜெர்சியின் மேற்கே, சோள வயல்களுக்கு நடுவே எங்கள் பள்ளிவாசலுக்கு ஒரு மையவாடி இருக்கிறது. கபர்க்குழி தோண்டுவதற்காக, பக்கத்துப் பண்ணைக்காரரிடமிருந்து அதைப் பழையதாக வாங்கினோம். காலையில் மவுத்தானவரை மாலைக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். இங்கே ஆள்வைத்துத் தோண்டுகிற கம்பெனிக்காரர்களோ, பூமி உறைந்துவிட்டால் நாலு நாள் பொறுங்கள் என்பார்கள். "டிராக்டர் ஓட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூட்டத்தில் கேட்டபோது, கம்ப்யூட்டர் தட்டுகிறவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பெருமைக்காகக் கையைத் தூக்கி மாட்டிக்கொண்டேன். அத்தா தஞ்சாவூர்ப் பக்கம் வாடகைக்கு டிராக்டர் ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

அம்மா போன பிறகு, 2003 இலையுதிர் காலத்தில் அத்தாவை இங்கே கூட்டிவந்தேன். அபார்ட்மென்டில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. என் மகளிடம் இவர் தமிழில் பேசுவார், அவள் "ஓகே தாத்தா" என்று சொல்லிவிட்டு இங்கிலீஷில் ஏதோ அடுக்குவாள், இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நம்மூர்க் கடைகள் இருக்கும் ஐசலின் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனால் அரைமணியில் "போவோமா?" என்பார். மையவாடி ஷெட்டில் டிராக்டரைப் பார்த்த அன்றைக்குத்தான் மனிதருக்கு முகம் தெளிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு முன்னால் குல்லாவும் கோட்டும் மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பார். நான் புல்வெளியைப் பார்க்கப் போய்விடுவேன், அவர் பழைய பனியன் துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

டிசம்பர் கடைசியில் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று கிழிந்துவிட்டது. குளிரிலும் உறையாத கூலன்ட் திரவம் முழுவதையும் வடித்துவிட்டுப் புது ஹோஸைப் போட்டேன். திரும்ப ஊற்றக் கூலன்ட் வாங்கிவர மறந்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியை மூடிவிட்டு, அலுவலகத்திலிருந்து வந்த போனைப் பேச வெளியே போனேன். ரேடியேட்டர் காலி என்று அத்தாவிடம் சொல்லவில்லை. வண்டியில் ஒரு சீட்டுகூட எழுதி ஒட்டவில்லை.

அந்த வாரம் குளிர் கடுமையாக இறங்கியது. கார் கதவு திறக்க மறுத்தது, மகளுக்குப் பள்ளி இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. சனிக்கிழமை கூலன்ட் கேனோடு போனேன். கூட அத்தாவும், மருந்துக்கடை வைத்திருக்கும் பாயும், அலுவலக நண்பர் ஒருவரும் வந்தார்கள். ரேடியேட்டர் மூடியைச் சுற்றிலும் பனிக்கட்டி பிதுங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் உறைந்து பருத்ததில், இஞ்சின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. இஞ்சின் தீர்ந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அத்தா எனக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார். "தண்ணி சுத்தமா இல்லாம கெடந்துச்சுப்பா. போன வாரம் நாந்தான் ஒரு கேன் நெறைய ஊத்தி வச்சேன்" என்றார். நல்ல காரியம் செய்தவரின் குரல் அது. ஊரில் நாற்பது வருஷமாகத் தினமும் காலையில் அவர் செய்துவந்தது அதைத்தான். வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினால் வண்டி பாட்டுக்கு ஓடும்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று அம்மா என்னைத்தான் சொல்வாள்.

"உங்கள யாரு இதத் தொடச் சொன்னா? இது என்ன உங்க ஊரா? தெரியாத எடத்துல கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். பாய் என் கையைப் பிடித்து, "விடுங்க தம்பி, பெரியவங்க" என்றார். நான் விடவில்லை. இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். ரேடியேட்டரைக் காலியாக விட்டுப்போனது நான்தான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அத்தா துடைக்கிற துணியை நாலாக மடித்து ஸ்டீயரிங் மேல் வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் எதைத் தொடுவதானாலும் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். "இந்தக் கொழாயத் தொறக்கலாமா?" "இந்த சுவிட்சப் போட்டா ஒண்ணும் ஆயிடாதே?" ஒருநாள் டீ போட அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று கேட்க ஆளில்லாமல், என் மனைவி வேலையிலிருந்து வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார். "என்னங்க மாமா இப்படி கேட்டுக் கேட்டு செய்யிறாங்க, நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று அவள் கேட்டாள். "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்றேன். சனிக்கிழமை அவரைத் தனியாகக் காரில் கூட்டிப்போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் வேலை வந்துவிட்டது. திங்கட்கிழமை விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு அத்தா எழுந்திருக்கவில்லை. போய்த் தொட்டேன், ஜில்லென்று இருந்தார்.

போலீஸும் டாக்டரும் வந்து, காகிதங்கள் முடிந்து, மறுநாள் அடக்கம் செய்யலாம் என்று ஆயிற்று. ஊரிலிருந்து அக்கா போனில் அழுதுகொண்டே, "அங்கயே அடக்கம் பண்ணிடு தம்பி, காக்க வைக்காத" என்றாள். தோண்டுகிற கம்பெனிக்குப் போன் செய்தேன். மண் இரண்டடி ஆழத்துக்கு உறைந்துவிட்டதாம், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடியாதாம். நாலு நாள் அவரைக் குளிர்ப்பெட்டியில் போட்டு வைப்பதா? அவர் இந்த நாட்டில் பட்ட குளிர் போதாதா? செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குள் எப்படியாவது மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும். டிராக்டரோ ஷெட்டில் செத்துக் கிடந்தது.

பொழுது விடிந்ததும் பதினாலு பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் அலுவலகத்துக்கு லீவு சொன்னவர்கள். முதல் நாள் சாயங்காலமே பாய் அந்த இடத்தில் கரி மூட்டி, மேலே தகரத்தைப் போட்டு மூடிவைத்திருந்தார். அப்படியும் மேல்மண் ஓரளவுதான் இளகியிருந்தது. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் தோள்வரை அதிர்ந்து திரும்பியது. கீபோர்டு தட்டிய விரல்கள் ஒரு மணி நேரத்தில் கொப்பளித்துவிட்டன. இரண்டிரண்டு பேராக இறங்கி, மாற்றி மாற்றிக் கொத்தினோம். "டிராக்டர் மட்டும் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்த இளைஞர் ஒருவர் பாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று ஷெட்டில் நான் கத்தியதைக் கேட்ட இருவருமே அங்கே இருந்தார்கள். பெரியவர் வண்டியைக் கெடுத்துவிட்டார் என்றுதான் பள்ளிவாசலில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஓரடியை நானே தனியாகத் தோண்டினேன். மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் வரவில்லை.

மூன்று மணிக்கு அத்தாவின் மையித்து வந்தது. வயல்வெளியிலேயே தொழுகைக்கு வரிசை கட்டி நின்றோம். தொழுகைக்கு முன்னால், "மகன் வந்து பேசட்டும்" என்றார் தொழவைக்க நின்ற பள்ளிவாசல் ஹஜ்ரத். இறந்தவருக்காகப் பிள்ளை எழுந்து ஜமாத்திடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அத்தனை கபர் தோண்டியிருக்கிறேன், பிள்ளைகள் அதைச் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முன்னால் போய் நின்றேன்.

"எங்க அத்தா உங்கள்ல யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்றேன். அது வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவரால் மனம் நொந்தவர் என்று ஒருவரும் கிடையாது. வந்து மூன்று மாதம்தான், பாதிப் பேரிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதுகூட இல்லை. நான் வரிசைக்குத் திரும்பவில்லை. ஹஜ்ரத் என்னைப் பார்த்தார்.

"டிராக்டர அவங்க கெடுக்கல" என்றேன். "ரேடியேட்டரக் காலி பண்ணி வச்சிட்டுப் போனது நான்தான். அவங்ககிட்ட சொல்லல. காலியா கெடக்கேன்னு அவங்க தண்ணி ஊத்துனாங்க. தப்பு பூரா என்னோடது. அத மறச்சு, நாலு பேருக்கு முன்னாடி அவங்களப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

வரிசையில் நின்றவர்கள் வழக்கம்போல ஒரே குரலில் "மன்னிச்சோம்" என்றார்கள்.

நான் கேட்டது அவர்களிடம் இல்லை.