உயிர் ப்ராப்பர்ட்டி கிடையாது: ஃப்ளோர் மேனேஜர் சாந்தகுமாரி அக்கா

பூந்தமல்லி பேருந்து நிலையத்தைத் தாண்டி, மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளுக்கு நடுவே என் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. லைட்மேன் ஏழுமலை பேசினார்.

“அண்ணாத்தே, எங்க கீற?”

“தண்டலம் பக்கம் வரல இன்னும். இங்கதான் மாட்டிக்கிட்டேன்.”

“ஸ்டுடியோவுக்கு வராத. அயனம்பாக்கத்துக்குத் திரும்பு. குமாரி அக்கா பூட்டாங்க.”

காலையில் வீட்டு வேலையெல்லாம் முடித்து, படப்பிடிப்புக்குக் கிளம்பப் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். அம்பத்தூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். பிறகு திருப்பினேன்.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வேலை செய்பவர்களுக்குச் சாந்தகுமாரி அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திரையில் ஒருமுறைகூட அவர்கள் முகம் வந்ததில்லை. ஆனால் நீங்கள் பார்த்துச் சிரித்த விளையாட்டு நிகழ்ச்சிகள் பலவற்றில், கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, யார் எப்போது வர வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும், எப்போது மூச்சுவிடாமல் இருக்க வேண்டும் என்று தளத்தை ஆட்டிவைத்தவர்கள் அவர்கள்தான். அந்த வேலைக்குப் பெயர் ஃப்ளோர் மேனேஜர். நான் ஒலிப்பதிவாளன். தேனியிலிருந்து வந்து, கோவில்பதாகையில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் குடியேறிய புதிதில் அவர்களுடைய தளத்தில்தான் சேர்ந்தேன். முதல் நாளே கேபிளை நடைவழியில் போட்டுவிட்டேன். “நைனா, யாரு காலு ஒடையணும்னு பாத்துகினு கீற?” என்று கேட்டார்கள். அன்றிலிருந்து நான் அவர்களுக்கு நைனாதான்.

அவர்களைப் பற்றி இப்போது பலர் ‘விலங்குகளிடம் அன்பு கொண்டவர்’ என்று எழுதுகிறார்கள். தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். அக்காவுக்கு நாய் என்றாலே பயம். தெருவில் ஒன்று படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். பூனை உரசினால் அலறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டன் இல்லாமல் அந்த வீட்டில் சோறு இறங்காது. அன்பினால் செய்தார்கள் என்று சொல்வது அவர்கள் செய்ததைச் சின்னதாக்குவதாகும்.

சில வருடங்களுக்கு முன்பு ‘கைவிட்டுப் பார்’ என்றொரு நிகழ்ச்சி நடத்தினோம். கண்ணாடிப் பெட்டி ஒன்று. முன்பக்கம் பார்வையாளர்களுக்குத் தெரியும். பின்பக்கத்து ஓட்டை வழியாக, கண்ணைக் கட்டிக்கொண்ட விருந்தினர் கையை விட்டு, உள்ளே இருப்பது என்னவென்று சொல்ல வேண்டும். முயல், வாத்து, நண்டு, சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சு என்று வாரம் ஒன்று. பூந்தமல்லியிலிருந்து கண்ணப்பன் என்பவர் தன்னுடைய சிறிய வேனில் கூடைகளோடு கொண்டுவருவார். படப்பிடிப்புக்கு வேண்டிய பொருள்களை எங்கள் தொழிலில் ப்ராப்பர்ட்டி என்போம். நாற்காலி, குடை, பூச்சாடி எழுதும் பட்டியலில் முயலும் எழுதப்படும்.

விருந்தினர் அலறல்தான் நிகழ்ச்சியின் உயிர் என்று தயாரிப்பாளர் பிரபாகர் சார் சொல்லுவார். உள்ளேயிருந்து வரும் ஓசையும் வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு சிறிய மைக்கை ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.

ஒருநாள், வரவேண்டிய நடிகர் மேக்கப் அறையைவிட்டு வரவில்லை. முயலைப் பெட்டியில் வைத்து விளக்குகளைச் சரிபார்த்தவர்கள், இப்போது வருவார், அப்போது வருவார் என்று விளக்குச் சூட்டில் அப்படியே விட்டுவிட்டார்கள். அவர் வந்தார். கைவிட்டார். அலறினார். எல்லோரும் சிரித்தார்கள். முகபாவம் ஒரு கேமராவில் விழவில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும். என் ஹெட்ஃபோனில் முதலில் கண்ணாடியைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு பின்னங்காலால் தரையில் அடிக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்று, வாயால் வாங்கும் மூச்சு மட்டும், விட்டுவிட்டு.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா வந்தார்கள். “இன்னா நைனா, மைக்கு பூட்சா?”

“மைக் நல்லாத்தான் இருக்குக்கா. நீங்களே கேளுங்க.”

ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார்கள். அவர்கள் கண்கள் பெட்டியின் மீதே இருந்தன. கொஞ்சம் கேட்டுவிட்டுக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கண்ட்ரோல் அறையில் இருந்த பிரபாகர் சாரிடம் பேசும் கருவியை எடுத்தார்கள்.

“சார், பொட்டி மைக்க மட்டும் வெச்சிக் கேளுங்க.”

பிறகு அவர் குரல் வந்தது. “கேக்குது. அதை எடிட்டிங்ல எடுத்துடலாம். இன்னொரு டேக் போவோம்.”

“சத்தத்த எடுத்துடலாம் சார். உள்ள கீறத இன்னா பண்ணுவீங்க?”

“மேடம், அது ப்ராப்பர்ட்டி. ஆர்ட் டிபார்ட்மெண்ட் பாத்துக்கும். நீங்க ஆர்ட்டிஸ்ட்டை நிக்க வைங்க.”

“உயிரு ப்ராப்பர்ட்டி கெடையாது சார்.”

கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு நேராகப் பெட்டிக்குப் போனார்கள். மூடியைத் திறந்தார்கள். பூனை உரசினால் அலறுகிறவர்கள், கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு, முயலைத் தூக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டார்கள். வெளியே நடைபாதையில் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார்கள். துணியைப் பிழிந்து பிழிந்து போட்டார்கள். அது பிழைக்கவில்லை.

திரும்பி வந்தபோது கண்ணப்பன் கூடையைத் திறந்துகொண்டிருந்தார். “இன்னொண்ணு கீது மேடம். வெள்ளதான். ஒரே மாரிதான் இருக்கும்.”

அக்கா பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்கள். “இன்னிக்கு இந்தப் பொட்டிக்குள்ள எதுவும் போவாது.”

அன்று படப்பிடிப்பு ரத்தானது. அந்த நடிகரை மறுபடி வரவழைப்பது லேசில்லை. எங்களில் பலருக்கே அக்கா மீது கோபம்தான். மாலையில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இனி வரவேண்டாம் என்றார்கள்.

அப்போது அவர்களுடைய கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிவிட்டிருந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்த சமயம். அக்கா அழுததாக எனக்குத் தெரியாது. ஆவடிப் பக்கம் பள்ளி ஆண்டு விழாக்களையும், அலுவலகக் குடும்ப விழாக்களையும் நடத்திக் கொடுத்தார்கள். மற்ற நாள்களில் ஒவ்வொரு தயாரிப்பு நிறுவனமாக ஏறி இறங்கினார்கள். வேலை கேட்டார்கள். கூடவே, தன் தளத்தில் உயிருள்ள எதையும் விளையாட்டுப் பொருளாக வைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சொன்னார்கள். வேலை கேட்டு வந்தவர் நிபந்தனை போடுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஓர் இடத்தில், “ஞாயித்துக்கிழமை மட்டன் சாப்பிடுறவங்கதானே நீங்க?” என்று கேட்டார்களாம்.

“ஆமா, துன்றேன். இல்லன்னு சொல்லலயே. ஆனா துன்றதுக்கு முன்னாடி அத்த பயமுறுத்தி, நாலு பேரக் கூட்டி வெச்சி சிரிக்கல.” இதை என்னிடம் சொல்லிவிட்டு, “அந்த வேலையும் பூட்சு” என்றார்கள்.

படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்த முன்அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ‘கைவிட்டுப் பார்’ அப்படி எந்த அனுமதியும் வாங்கவில்லை. அக்கா தன் பெயரையும் முகவரியையும் போட்டு, அனுமதி தரும் வாரியத்துக்குப் புகார் கொடுத்தார்கள். பெயர் இல்லாமல் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். “பேரு இல்லாம குட்த்தா பயந்துட்டேன்னு நெனப்பாங்க நைனா” என்றார்கள். விளக்கம் கேட்டுத் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கடிதம் வந்தது. பெட்டி விளையாட்டு நின்றது. சில மாதங்களில் வேறொரு சேனலில் வேறு பெயரில் ஆரம்பித்தார்கள். நான் சோர்ந்துபோய்ச் சொன்னேன். அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “செரி, அங்கயும் போவோம்” என்றார்கள். போனார்கள்.

பிரபாகர் சாரே ஒருநாள் அக்காவைத் தேடி வந்தார். பெட்டிச் சுற்றும் உள்ள அவருடைய புதிய நிகழ்ச்சியில் தளத்தை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. அக்கா பழைய நிபந்தனையைச் சொன்னார்கள்.

“பெட்டி இல்லாம அந்த ரவுண்டே இல்ல மேடம்.”

“பொட்டி இருக்கட்டும் சார். உள்ள இன்னா வெக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்.”

படப்பிடிப்பு அன்று கையில் ஒரு பெரிய கூடையோடு வந்தார்கள். தோல் உரித்த நுங்கு. வேகவைத்து ஆறவைத்த சேமியா. ஈரத்தில் ஊறிய தேங்காய் நார். குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய ரப்பர் கையுறை. விறைப்பான முகத்தோடு ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் அடுக்கினார்கள். திரையில் பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் ஒரு நடிகர் கையை விட்டார். சேமியாவுக்குள் விரல் போனதுதான் தாமதம், “பாம்பு! ஐயோ, பாம்பு!” என்று கத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். என்னுடைய ஒலி அளவுமானி சிவப்பைத் தொட்டு அங்கேயே நின்றது. பார்வையாளர்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். கண்ட்ரோல் அறையில் பிரபாகர் சார் மேசையைத் தட்டிச் சிரிப்பது கருவியில் எனக்குக் கேட்டது. கண்கட்டை அவிழ்த்து, தன் கையில் தொங்கிய சேமியாவைப் பார்த்த நடிகரும் சேர்ந்து சிரித்தார்.

“பிரபாகர் சார் மனசு மாறிடுச்சுக்கா” என்றேன்.

“மனசெல்லாம் மாறல. நிகழ்ச்சிதான் மாறிச்சு. எனக்கு அது போதும்” என்றார்கள். மீதமிருந்த நுங்கை எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

கண்ணப்பனுக்குப் பிழைப்புப் போயிற்று என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. செட் சாமான்களை ஏற்றி இறக்க அவருடைய வேனையே வைத்துக்கொள்ளும்படி ஆர்ட் டிபார்ட்மெண்டிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அக்காவிடம் மட்டும் பேசவில்லை.

சென்ற ஆண்டு அக்காவின் இதயத்தில் அடைப்பு என்று சிகிச்சை செய்தார்கள். ஓய்வெடுக்கச் சொன்னார் மருத்துவர். ஒரு மாதம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். அப்போதுதான் பக்கத்துத் தளத்தில் ஒரு போட்டி நிகழ்ச்சியின் கல்யாணப் பகுதி எடுத்தார்கள். மணமேடையில் ஜோடி கூண்டைத் திறக்க, புறாக்கள் வெளியே வர வேண்டும். விளக்குகளில் போய் முட்டிக்கொள்ளக் கூடாது என்று அவற்றின் இறக்கைகளை முன்கூட்டியே வெட்டிவிட்டிருந்தார்கள். ஏழுமலை வந்து சொன்னதும் அக்கா எழுந்தார்கள். மணமேடையில் போட்டிருந்த பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தத் தளத்தின் மேலாளர் இளைஞர். ஓடி வந்தார். “மேடம், இது உங்க ஃப்ளோர் இல்லையே.”

“தெர்யும்ப்பா.”

“அப்ப எந்திரிங்க. ஷாட் வைக்கணும்.”

“வெய்யி. நான் குந்திகினு கீறேன், அவ்ளோதான். புறா போச்சுன்னா நானும் பூடுவேன்.”

மேலிடத்துக்குப் போன் பறந்தது. காவலாளிகளைக் கூப்பிட்டார்கள். அக்காவைத் தொட அவர்களுக்குத் தயக்கம். அந்த நேரம் பார்த்துத் தளத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மேலே விளக்குகள் தொங்கும் பலகைப் பாலத்தில் ஏறி நின்ற ஏழுமலை, “இன்னான்னு தெர்ல சார், எரிய மாட்டேங்குது” என்று குரல் கொடுத்தார். அந்தப் பக்க லைட்மேன்கள் யாரும் சரிபார்க்க ஏறவில்லை. மேக்கப் கலைஞர்களும் பூ அலங்காரக்காரர்களும் வந்து மேடையைச் சுற்றி நின்றார்கள். நானும் என் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் நின்றேன். அக்காவுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. மகள் போன் செய்து மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். “உக்காந்துதாம்மா கீறேன், ஓடல” என்றார்கள்.

மதிய உணவுக்கு முன் கூண்டுகள் வெளியே போயின. ஜோடியின் மீது மல்லிகையைத் தூவி எடுத்தார்கள். அடுத்த வாரம் எங்கள் ஸ்டுடியோவின் எல்லா ஃப்ளோர் மேனேஜர்களும் சேர்ந்து நிர்வாகத்திடம் பேசினார்கள். இந்த வளாகத்துக்குள் இனி உயிருள்ள விலங்கோ பறவையோ விளையாட்டுப் பொருளாக வராது என்று முடிவானது. அக்கா கொண்டாடவில்லை. “இங்க முடிஞ்சிது. ரோட்டுக்கு அந்தாண்ட கீறவங்ககிட்ட போவணும்” என்றார்கள். எதிர் ஸ்டுடியோவில் வாரா வாரம் சேவல்களை வைத்து ஒரு போட்டி எடுக்கிறார்கள். இந்த வார வெள்ளிக்கிழமை போவதாகப் பேசி வைத்திருந்தோம். அதற்குள் அவர்களே போய்விட்டார்கள்.

அயனம்பாக்கம் வீட்டு வாசலில் பந்தலையும் தாண்டிக் கூட்டம். ஒருகாலத்தில் அவர்களை வேலையைவிட்டு அனுப்பிய பிரபாகர் சார் மாலையோடு வந்து, காலடியில் வைத்துவிட்டு, வெகுநேரம் சுவரோரம் நின்றிருந்தார். கண்ணப்பனும் வந்திருந்தார். “அவங்க மேல எனக்குக் கோவம் இருந்திச்சு சார். இன்னமும் கொஞ்சம் கீது” என்றார் என்னிடம். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பாடையைத் தூக்க முன்னால் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் நான் போனபோது எதிர் ஸ்டுடியோ வாசலில் ஏழுமலை நின்றிருந்தார். அன்று அக்காவை எழுந்திருக்கச் சொன்ன அந்த இளம் மேலாளர் நின்றிருந்தார். அக்காவின் மகள் நின்றிருந்தாள். துக்கம் முடியாத வீட்டிலிருந்து ஏனம்மா வந்தாய் என்று கேட்டதற்கு, “அம்மா வரேன்னு சொல்லியிருந்தாங்கல்ல” என்றாள். உள்ளேயிருந்து சேவல்கள் கூவுவது சாலை இரைச்சலையும் மீறிக் கேட்டது.

காவலாளி சின்னக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “இன்னா இத்தினி பேரு? யாரு வந்துகீறாங்கன்னு சொல்லட்டும்?”

ஏழுமலை முன்னால் வந்தார். “குமாரி அக்கா அனுப்பிச்சாங்கன்னு சொல்லு.”

காவலாளி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பெரிய கதவின் தாழ்ப்பாளை விலக்கினார்.

நிம்மதியாகப் போங்கள், அக்கா. நாங்கள் உள்ளே போகிறோம்.