ரோஷன் பீ அக்காவின் பூசணிக்கொடி

ரோஷன் பீ அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பாப்பாரப்பட்டியில் எங்கள் பக்கத்து வீடு. புருஷன் அப்துல் சுபான் சந்தை சந்தையாக வளையல் விற்கப் போய்விடுவார். அக்கா கொல்லையே கதியென்று கிடப்பாள். மீன் கழுவிய தண்ணீர் பூசணிக்கு, அடுப்புச் சாம்பல் அவரையில் விழும் பேனுக்கு, ஆட்டுப் புழுக்கை எல்லாவற்றுக்கும். காய்க்கு அடியில் வைக்கோல் போடாவிட்டால் அழுகிவிடும் என்று தெருவுக்கே பாடம் எடுப்பாள். மறுத்துப் பேசினால் தொலைந்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் மகள் வஹிதாவுக்கு நிச்சயம் ஆனது. வரும் மாசியில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாரிடம் அக்கா சவடாலாகச் சொல்லிவிட்டாள்: "பிரியாணிக்கு ஊத்துற தால்ச்சாவுக்கு ஒரு காயும் வெளியில வாங்க மாட்டேங்க. அத்தனையும் என் கொடியில காய்க்கும். இல்லேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!"

மார்கழி பிறந்தது. வாசல் கோலத்தில் சாண உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைக்க, தெருப் பெண்கள் எல்லாம் அக்கா கொல்லைக்குத்தான் போவோம். அவளும் தாராளம். "பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தாத் தொடாதீங்க. நெட்டைக் காம்புல நிக்கிறது வெத்துப் பூ. எல்லாத்தையும் பறிச்சுக்கங்க." நாங்களும் ஒன்று விடாமல் பறித்தோம்.

பத்து நாளில் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. "கண்ணு பட்டுருச்சு" என்று எதிர்வீட்டு முனியம்மாள் வேலியில் பழைய செருப்பைக் கட்டினாள். செருப்பும் தொங்கியது, பிஞ்சும் உதிர்ந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "சம்பந்தி மூஞ்சில எப்படி ஜானகி முழிப்பேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை என் வாசலில் வந்து, கோலத்தின் முன் குந்திக்கொண்டவள் எழுந்திருக்கவே இல்லை.

"அடியே, இங்க பாரு! தேனீ பூரா உன் வூட்டுச் சாணி உருண்டையில மொய்க்குது. என் கொடியில ஒண்ணுகூட இல்ல." பூவுக்குள் விரலை விட்டு மஞ்சள் தூளைக் காட்டினாள். "இந்தத் தூளு பிஞ்சுப் பூவுக்குப் போனாத்தானே காய் நிக்கும்? யா அல்லா, நானே வாரிக் குடுத்துக் கெடுத்துக்கிட்டேனே!"

இனிப் பூ கிடையாது என்பாள் என்றுதான் நினைத்தேன். ம்ஹூம்.

"கோலத்தை மொட்டையா விடச் சொல்ல மாட்டேன். விடியறப்ப வாங்க. நெட்டைப் பூவைப் பறிச்சு, பிஞ்சுப் பூவுக்குள்ள நல்லாத் தடவிட்டு, அப்புறமாக் கொண்டுபோய் வைங்க."

பனியில் பல் கிட்டக் கிட்டத் தடவினோம். ஆளுக்கொரு பிஞ்சு. யாருடையது பெருத்தது என்று சண்டை வேறு. பாஞ்சாலி தன் பிஞ்சின் காம்பில் சிவப்பு நூலே கட்டிவிட்டாள்.

மாசியில் பதினாலு காய். பந்தியில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா தால்ச்சாவை ருசி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்களே! அத்தனை காயும் நீங்க ஒருத்தரே வளர்த்ததா?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒருத்தரா? என் மகளுக்கு இந்தத் தெருவுல பதினாலு அம்மா இருக்காங்க சம்பந்தி. வாங்க, காட்டுறேன்" என்றவள், எச்சில் கையென்றும் பார்க்காமல் முதலில் என்னைத்தான் பிடித்து இழுத்தாள்.