ஒரு ஃபின்னிஷ் சொல்லும் பல்வலியும்

அந்த வருடம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் நகரவே இல்லை. விசா வேறு முடியப்போகிறது. ரானுயி என்ற புறநகரில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு பக்கம் எழுதுவேன், எழுந்து டீ போடுவேன், திரும்பி வந்து எழுதியதை அழிப்பேன்.

ஃபின்னிஷ் மொழி, பால்டிக் கடலோரத்து அண்டை மொழிகளிடமிருந்து வெகுகாலத்துக்கு முன் எடுத்துக்கொண்ட சொற்கள்தாம் என் ஆய்வு. சகோதரி, மகள், பல் என்று இத்தனை நெருக்கமான சொற்கள்கூட அங்கே இரவல்தான். ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு மட்டும் என்னிடம் உறுதியான பதில் இல்லை.

பக்கத்து வீட்டில் மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். பக்கத்து ஊரான ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரு மாலை வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

“அக்கா, எங்கட இடத்தில ஒரு ஃபின்லாந்து அம்மா இருக்கிறா. மறதி வந்து இங்கிலீஷ் முழுக்கப் போயிட்டுது. கொஞ்ச நாளாச் சாப்பிடுறாவும் இல்லை, ஓரிடத்தில இருக்கிறாவும் இல்லை. ஃபோன்ல மொழிபெயர்த்துப் பாத்தம், ஒண்டும் சரிவரேல்லை. நீங்கள் வந்து கதைச்சுப் பாருங்கோவன்.”

“எனக்குப் பேச வராதே. எந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியும்.”

“அதாவது தெரியும்தானே. வாங்கோ.”

மறுநாள் அவளோடு போனேன். உயரமான அம்மாள், தோளில் கைப்பையோடு, நடைகூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். அவருக்கும் அம்மாவின் மொழி தெரியாதாம். நான் கூடவே நடந்து, புத்தகத்தில் படித்த வணக்கத்தைச் சொன்னேன். நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேச ஆரம்பித்தார். பத்து வருடம் படித்த மொழி. ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. விட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது ஒரு சொல் காதில் விழுந்தது. ஹம்மஸ். திரும்பவும் ஹம்மஸ். நான் மாதக்கணக்காக எழுதி அழித்துக்கொண்டிருந்த சொல்.

“பல்லு!” என்று கத்திவிட்டேன். “அவங்களுக்குப் பல்லு வலிக்குது!”

நர்ஸ் மெல்ல அவர் தாடையைத் தொட்டாள். அம்மாள் முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது.

“ஐயோ, இதோடயே இவ்வளவு நாளும் நடந்து திரிஞ்சவா?” என்றாள் நர்ஸ். அவள் கண் கலங்கியிருந்தது.

பல் மருத்துவர் வந்து பல்லைப் பிடுங்கினார். அடுத்த முறை நான் போனபோது அம்மாள் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. குடித்து முடித்ததும் கைப்பையை மாட்டிக்கொண்டு பழையபடி கிளம்பினார். வலி போனாலும் அந்த நடை போகவில்லை. எனக்கும் வீட்டுக்குப் போய் அத்தியாயத்தின் முன் உட்கார மனமில்லை. அவர் கையைக் கோத்துக்கொண்டேன். தோட்டத்துக் கதவு வரை போனோம், திரும்பினோம், மறுபடியும் போனோம்.