டொக்டர் திரும்பத் திறந்த நீக்கல்

அச்சுவேலிச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்பியவன், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் டொக்டர். படத்தில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். பசை காயவில்லை, அந்தப் புளித்த மா வாசனை மூக்கில் ஏறியது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் தொலைபேசியில் கதைத்திருந்தோம். எண்பதைத் தாண்டிய மனிதர் இறந்ததில் என்ன அதிர்ச்சி என்று நீங்கள் கேட்கலாம். கிழங்குப் பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் பசை வாசனை என்னை நேரே குருநகருக்குக் கொண்டுபோய்விட்டது. கூத்து அரசனுக்கு அட்டையில் கிரீடம் ஒட்டுவதற்காக டொக்டர் தானே கோதுமை மா காய்ச்சுவார். கோணல் பற்களுக்குக் கம்பி போட்டு நேராக்கும் வைத்தியர் அவர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, சொந்த ஊரான தொண்டைமானாற்றுக்கு வந்து சேர்ந்தவர், ஓய்ந்து இருக்கவில்லை. காலையில் பாடசாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்ப்பார். பின்னேரம் நெற்றி நிறையத் திருநீற்றோடு குருநகர்க் கோயில் மண்டபத்தில் கத்தோலிக்க வேதக்காரரின் கூத்துப் பழக்கத்துக்கு வந்து முன்வரிசையில் இருப்பார். ஒருவரும் அதை வித்தியாசமாகப் பார்த்ததில்லை.

வாத்தியாராக எனக்கு அங்கேதான் முதல் வேலை. கூத்தில் பிற்பாட்டுக்காரரில் ஒருவனாகப் பின்னால் நிற்பேன். என் பல்லையும் பார்க்கச் சொல்லி ஒருநாள் வாயைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு, “உமக்குப் பல்லிலை ஒரு பிழையுமில்லை. பிழை குரலிலைதான். அதுக்கு என்னட்டைக் கம்பி இல்லை” என்றார். அன்றிலிருந்து இன்னும் பின்னுக்குத் தள்ளி நின்றேன்.

குரல் என்றால் அது சூசையண்ணையின் குரல். விடியக் கடலுக்குப் போய், பின்னேரம் உப்பு வாசனையோடு வந்து அரசனாக நிற்பார். அவருடைய மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு நீக்கல், நல்ல இடைவெளி. பாடும்போது அதற்குள்ளால் காற்று மெல்லச் சீறிக்கொண்டு வரும். தெருவில் போகிறவர்கள்கூடச் சூசை பாடத் தொடங்கிவிட்டார் என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சத்தம் நீக்கலில் இருந்துதான் வருகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய டொக்டருக்கும் தெரியவில்லை.

அந்த முறை கூத்தை வீடியோ எடுப்பதாக இருந்தது. “அரசன் சிரிக்கேக்கை பல்லு வரிசையாய் இருக்க வேணும், சூசை. நான் சும்மா செய்து தாறன்” என்றார் டொக்டர். டொக்டர் கடலில் குதி என்றாலும் குதிக்கிற மனுசன் சூசையண்ணை. கம்பி போட்டார்கள். பாட்டுக் கொஞ்சம் மழுங்கியது. வாய்க்குள் இரும்பு இருந்தால் அப்படித்தானே, கழற்றினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

கம்பி கழற்றிய அன்று பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. சூசையண்ணை முத்துப்போலச் சிரித்தார். மத்தள அடி விழுந்தது. அரசன் வரவுப் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது வரியில், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கையைத் தூக்கி மத்தளத்தை நிறுத்தினார்.

“உது ஆரின்ரை குரல்?”

சுருதி இருந்தது, தாளம் இருந்தது, சூசையண்ணை இல்லை. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு டொக்டரைப் பார்த்தார். டொக்டரின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. தன் பிள்ளையைத் தானே தெருவில் தொலைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார். வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலே அவர் உயிராக நினைத்த பாட்டைக் கொன்றுவிட்டது.

கம்பி கழற்றியவர்களுக்கு அவர் ஒரு கிளிப் கொடுப்பார். “ராவிலை இதைப் போடாட்டில் பல்லு பழைய இடத்துக்கு ஓடியிடும்” என்று பிள்ளைகளை அவர் ஏசாத நாளில்லை. அடுத்த நாள் வந்து சூசையண்ணையின் முன்னால் கையை நீட்டினார்.

“கிளிப்பைத் தாரும்.”

“ஏன் ஐயா?”

“இனிப் போடக்கூடாது. ஓடட்டும்.”

அந்தக் கிளிப்பை அவர் சட்டைப்பையில் போட்டதை நான் பார்த்தேன். அதன் பிறகு மாதக்கணக்காக ஒரே வேலை. பழக்கத்துக்கு வந்தவுடன் சூசையண்ணையின் வாயைத் திறந்து, தான் வந்த பஸ்சின் டிக்கட்டை முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்ப்பார். போகாது. முகம் வாடும். ஒருநாள் டிக்கட் உள்ளே போய் வெளியே வந்தது. அந்தப் பெரிய மனிதர் மண்டபத்தின் நடுவில் நின்று கை தட்டினார். தன் வேலை பழுதானதற்குச் சந்தோசப்பட்ட ஒரு வைத்தியரை நான் வேறெங்கும் கண்டதில்லை. நீக்கல் திரும்பியது, குரலும் திரும்பியது. வீடியோ எடுக்கும் கதையை மட்டும் அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

தொண்டைமானாற்றில் செத்தவீட்டுக்குப் போனேன். பிரேதம் எடுப்பதற்கு முன்னர் வீட்டுக்காரர் கேட்க, சூசையண்ணை தலைமாட்டில் நின்று அந்த வரவுப் பாட்டைத் தொடங்கினார். அந்தச் சீறல் இல்லை. வாயைப் பார்த்தேன். பளபளவென்று ஒரே வரிசைப் பற்கள்.

பிறகு வாசலில் சூசையண்ணையைப் பிடித்துக்கொண்டேன். “பழைய பல்லெல்லாம் ஆடிக் கொட்டிப்போச்சு, தம்பி. கனடாவிலையிருந்து மகன் வந்து கொழும்பிலை கட்டுவிச்சவன்.”

“நீக்கலோடை செய்யச் சொல்லியிருக்கலாமே, அண்ணை!” என்று கத்தியே விட்டேன்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். “எனக்கு அந்த யோசினையே வரேல்லையடா.”

“டொக்டருக்குத் தெரியுமோ?”

“போன கிழமை போனிலை சொன்னனான். பாடிக்காட்டச் சொன்னவர். பாடினன்.” சூசையண்ணை வாசல் படலையைப் பிடித்துக்கொண்டார். “ஏசப்போறார் எண்டு நினைச்சன். பிறகு, ‘சாப்பிட ஏலுதோ, சூசை?’ எண்டு கேட்டார். ஓம் ஐயா, நண்டுகூடக் கடிக்கிறன் எண்டன். ‘அப்ப சரி’ எண்டிட்டு வைச்சிட்டார்.”

அந்தக் குரல் எங்கேயும் பதிவாகவில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்த ஒரே மனிதரை அந்த நேரம் படலையால் தூக்கிக்கொண்டு போனார்கள்.